சீனத் தொலைக்காட்சி: பிரசாரத்துக்குத் திறந்த வழி, பொழுதுபோக்குக்குப் பூட்டு

புது தில்லி: பெய்ஜிங்கில் இரவு 7 மணி என்றால் தில்லியில் மாலை 4.30. சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியின் "சின்வென் லியன்போ" என்ற அரை மணி நேரச் செய்தித் தொகுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. 1978 ஜனவரி 1-ஆம் தேதி முதல் ஒளிபரப்பாகி வரும் இந்தச் செய்தியை மாகாணத் தொலைக்காட்சிகளும் அதே நேரத்தில் அஞ்சல் செய்ய வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சிசிடிவி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கடைகளில் தொங்கும் கண்காணிப்பு கேமரா. இங்கே அது "சீன மத்தியத் தொலைக்காட்சி" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

தில்லியில் சீன விவகாரங்களைக் கவனிப்பவர்களுக்கு இந்த அரை மணி நேரம் அலுப்பூட்டுவது. ஆனாலும் தவிர்க்க முடியாதது. எந்தத் தலைவர் முதலில் காட்டப்பட்டார், யார் பெயருக்குப் பின் யார் பெயர் வாசிக்கப்பட்டது, யார் திடீரெனத் திரையிலிருந்து மறைந்தார் என்பதெல்லாம் செய்திக்குள் இருக்கும் செய்தி. சீன வெளியுறவு அமைச்சராக இருந்த சின் காங், 2023 ஜூன் 25-க்குப் பிறகு பொது நிகழ்ச்சிகளில் காணப்படவில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூலை 25-ஆம் தேதி, அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அறிவிப்பு வந்தது. திரையில் அவரது முகம் இல்லாததைக் கவனித்துக் கொண்டிருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு பெரிய வியப்பை அளிக்கவில்லை.

இந்தச் செய்தியை இந்தியாவிலிருந்து இணையம் வழியே பார்க்கலாம். எந்தத் தடையும் இல்லை. சிசிடிவியின் சர்வதேச அலைவரிசைகளும், சிஜிடிஎன் என்ற ஆங்கில அலைவரிசையும் யூ டியூபில் காணக் கிடைக்கின்றன. சீனாவுக்குள் 2009 முதல் தடை செய்யப்பட்டுள்ள யூ டியூபை, வெளிநாட்டாருக்குத் தன் குரலைக் கொண்டு செல்ல சீன அரசே பயன்படுத்துகிறது என்பது வேறு கதை.

ஆனால் ஹுனான் மாகாணத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியையோ குடும்பத் தொடரையோ அதன் அதிகாரபூர்வச் செயலியில் பார்க்க விரும்பினால் முடியாது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தச் செயலியை மத்திய அரசு 2020 நவம்பர் 24-ஆம் தேதி முடக்கியது. பெய்ஜிங் அரசின் பிரசாரத்துக்கு வழி திறந்தே இருக்கிறது. சாதாரண சீனர்கள் இரவு உணவுக்குப் பிறகு பார்க்கும் நிகழ்ச்சிகளுக்குத்தான் பூட்டு.

பட்டியலில் இருந்தவை

கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15-ஆம் தேதி இரவு நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். இரு வாரங்களில், ஜூன் 29-ஆம் தேதி, 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. டிக் டாக், வீசாட், வெய்போ, யூசி பிரௌசர் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஜூலையில் மேலும் 47. செப்டம்பர் 2-ஆம் தேதி 118. நவம்பர் 24-ஆம் தேதி 43. ஆக, ஓராண்டுக்குள் 267 செயலிகள். 2022 பிப்ரவரியில் இன்னும் 54 சேர்ந்தன.

நாளிதழ்களில் டிக் டாக்கும் பப்ஜி விளையாட்டும் தலைப்புச் செய்தியாயின. பட்டியலின் பின்பகுதியை அதிகம் பேர் படிக்கவில்லை. செப்டம்பர் பட்டியலில் சீனாவின் பெரிய காணொலித் தளங்களில் ஒன்றான யோகு, சினா நியூஸ், நெட் ஈஸ் நியூஸ் என்ற இரு செய்திச் செயலிகள், ஹுயா என்ற நேரலைச் செயலி ஆகியவை இருந்தன. சீன மொழி கற்பிக்கும் செயலி ஒன்றும் அதில் இருந்தது! நவம்பர் பட்டியலில் டென்சென்ட் நிறுவனத்தின் வீ டி.வி. மூன்று வடிவங்களில் இடம்பெற்றது. ஹுனான் தொலைக்காட்சியின் "மேங்கோ டி.வி."யும் அதில்தான் வந்தது. அரசு பெயர்களை வெளியிட்ட 59, 118, 43 ஆகிய மூன்று பட்டியல்களிலும் சிசிடிவி, சிஜிடிஎன் ஆகியவற்றின் பெயர்கள் இல்லை.

ஹுனான் தொலைக்காட்சி சாதாரணமானதல்ல. அதுவும் அரசுக்குச் சொந்தமானதுதான் என்றாலும், சீனத் தொலைக்காட்சியின் போக்கை மாற்றிய பெருமை அதற்கு உண்டு. 2005-இல் அது நடத்திய "சூப்பர் கேர்ள்" பாட்டுப் போட்டியில் நேயர்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் வாக்களித்தனர். வெற்றி பெற்ற லி யூசுன் இறுதிச் சுற்றில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமை இல்லாத நாட்டில் பாடகியைத் தேர்ந்தெடுக்க லட்சக்கணக்கானோர் வாக்களித்தது உலகப் பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. பெய்ஜிங்கில் இருந்த அதிகாரிகளுக்கு அது ரசிக்கவில்லை. இத்தகைய போட்டிகளுக்குப் பின்னர் கட்டுப்பாடுகள் வந்தன. சீனச் சமூகத்தில் மெதுவாக நடக்கும் மாற்றங்களும், அவற்றின் மீது விழும் கடிவாளங்களும் முதலில் தென்படுவது இத்தகைய நிகழ்ச்சிகளில்தான். மாலைச் செய்தியில் அல்ல.

தடைக்கு அரசு கூறிய காரணம் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பயனாளிகளின் தகவல்களை இச்செயலிகள் நாட்டுக்கு வெளியே உள்ள கணினிகளுக்கு அனுப்புவதாகப் புகார்கள் வந்தன என்றது 2020 ஜூன் அறிவிப்பு. உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் அளித்த அறிக்கைகளின் அடிப்படையில் நவம்பர் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அரசின் உளவுப் பணிக்கு நிறுவனங்களும் குடிமக்களும் ஒத்துழைக்க வேண்டும் என்று சீனாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் பயன்படுத்திய டிக் டாக்குக்கு இந்த வாதம் பொருந்தலாம். சில ஆயிரம் மாணவர்களும் ஆய்வாளர்களும் தேடிப் பார்க்கக்கூடிய தொடர்களுக்கும், மொழிப் பாடத்துக்கும் அதே அளவுகோலை வைத்ததுதான் புரியவில்லை.

மொழி படிப்பவர்களின் சிக்கல்

1962 போரில் ஏற்பட்ட பின்னடைவுக்குப் பிறகு, சீனாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்ற உணர்வு தில்லியில் எழுந்தது. 1964-இல் தில்லி பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய கிழக்கு ஆசியவியல் துறை அதிலிருந்து வளர்ந்ததே. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன மொழிக்கென மையம் உள்ளது. சீன ஆய்வு நிறுவனமும் தில்லியிலேயே இயங்குகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1937-இல், சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் தாகூர் திறந்து வைத்தார். சென்னையிலும் சீன ஆய்வு மையம் இயங்குகிறது.

இங்கெல்லாம் சீன மொழி படிப்பவர்களுக்குச் செய்தி வாசிப்பாளரின் சீனம் மட்டும் போதாது. தூர்தர்ஷன் தமிழ்ச் செய்தியை மட்டும் கேட்டுத் தமிழ் கற்ற ஒருவரை மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் அவர் பாடு என்ன ஆகும்? அதே நிலைதான் இங்கும். பேச்சு வழக்கு, கேலி, குடும்பச் சண்டை, வீட்டு வாடகைப் பிரச்னை, மாமியார் மருமகள் வாக்குவாதம் ஆகியவை எல்லாம் தொடர்களிலும் அரட்டை நிகழ்ச்சிகளிலும்தான் கிடைக்கும். சீனத் தொடர்களின் சில அத்தியாயங்களை அந்த நிறுவனங்களே யூ டியூபில் ஏற்றுகின்றன. ஆனால் அவை வெளிநாட்டு ரசிகர்களுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. உள்நாட்டில் பேசப்படும் எல்லாமும் அங்கு வருவதில்லை.

மொழிக் கொள்கையிலும் இதே மனப்பான்மை தெரிந்தது. 2019-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க வெளிநாட்டு மொழிகளின் எடுத்துக்காட்டுகளில் சீனமும் இருந்தது. 2020 ஜூலை 29-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் பெற்ற இறுதி வடிவில் சீனத்தின் பெயர் இல்லை. கொரியமும் ஜப்பானியமும் இருந்தன.

சீன ராக்கெட் கொண்டு வந்த தொலைக்காட்சி

வெளிநாட்டுத் தொலைக்காட்சியை இந்தியா எதிர்கொண்ட வரலாற்றில் சீனாவுக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. 1991-இல் ஸ்டார் டி.வி. இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது ஆசியாசாட்-1 என்ற செயற்கைக்கோள் வழியாக. அந்தச் செயற்கைக்கோளை 1990 ஏப்ரல் 7-ஆம் தேதி விண்ணில் செலுத்தியது சீனாவின் லாங் மார்ச் ராக்கெட். ஏவுதளம் சிச்சுவான் மாகாணத்தின் சிச்சாங். தூர்தர்ஷனின் ஏகபோகத்தை முடித்து வைத்ததில் சீன ராக்கெட்டுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் தவறில்லை.

வெளிநாட்டில் வாழும் சீனர்களுக்காக சிசிடிவி-4 அலைவரிசை 1992 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கியது. ஆங்கிலத்தில் சிசிடிவி-9 வந்தது 2000 செப்டம்பரில். 2010-இல் சிசிடிவி நியூஸ் என்றும், 2016 டிசம்பர் 31-ஆம் தேதி சிஜிடிஎன் என்றும் அது பெயர் மாறியது. டிஷ் ஆன்டெனா காலத்தில் வானிலிருந்து விழுவதை அரசால் முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை; கேபிள் நடத்துபவர் மூலமே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் பயன்பட்டது. 1999 கார்கில் போரின்போது பாகிஸ்தான் தொலைக்காட்சியைக் கேபிளில் காட்டத் தடை விதிக்கப்பட்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அதே போரின்போது விஎஸ்என்எல் நிறுவனம், பாகிஸ்தானின் "டான்" நாளிதழ் இணையதளத்தை இந்தியாவில் தெரியாமல் செய்தது. இணையத்துக்குப் பூட்டுப் போடும் வழக்கத்தின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்று அது.

2005 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கொண்டு வந்த வழிகாட்டு விதிகளின்படி, வெளிநாட்டு அலைவரிசையை இந்தியாவில் வழங்க விரும்பும் நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அமைச்சகத்திடம் அனுமதி பெற வேண்டும். 2011-லும் 2022-லும் இவை திருத்தப்பட்டன. இந்த முறையில் தவறு செய்த அலைவரிசைக்கு என்ன தண்டனை, ஏன் என்பது வெளியே தெரியும். காஷ்மீர் வரைபடத்தைத் தவறாகக் காட்டியதற்காக 2015 ஏப்ரலில் அல் ஜசீராவின் ஒளிபரப்பு 5 நாள்கள் நிறுத்தப்பட்டது. காரணமும் காலமும் அறிவிக்கப்பட்டன.

இணையத்துக்கு வந்ததும் நிலைமை வேறு. அதே அலைவரிசை கேபிளில் வர அனுமதி வேண்டும். இணையதளத்திலோ யூ டியூபிலோ வர அனுமதி தேவையில்லை. ஆனால் தடை என்று வந்துவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு பாய்கிறது. 2008-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக எந்த இணையத் தகவலையும் முடக்க இது அரசுக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவை மீறும் இணையச் சேவை நிறுவனத்துக்கு 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. பார்ப்பவருக்கு இப்பிரிவில் தண்டனை எதுவும் கூறப்படவில்லை.

மறுபக்கத்துப் பூட்டு

கதவை இந்தியா மட்டும் சாத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து சீனத் தளங்களைத் திறப்பவர்கள் அடிக்கடி சந்திப்பது, "பதிப்புரிமை காரணமாக உங்கள் பகுதியில் இதைக் காட்ட இயலாது" என்ற பொருளில் வரும் அறிவிப்பு. ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. எந்த நாட்டிலிருந்து கேட்கிறார்கள் என்பது அந்த எண்ணிலிருந்து தெரிந்துவிடும். விளையாட்டுப் போட்டிகளின் உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதால், சிசிடிவியின் விளையாட்டு அலைவரிசையான சிசிடிவி-5 வெளிநாட்டாருக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை. கணக்குத் தொடங்கச் சீனக் கைப்பேசி எண் கேட்கும் தளங்களும் உண்டு. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், பயனாளியின் உண்மைப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது.

இதனால் வெளிநாடுகளில் வாழும் சீனர்களே விசித்திரமான ஒரு வேலை செய்கிறார்கள். சீனாவுக்குள் இருப்பவர்கள் வி.பி.என். மூலம் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள் என்றால், வெளியே இருப்பவர்கள் வி.பி.என். மூலம் சீனாவுக்குள் இருப்பதுபோல் காட்டிக் கொண்டு சொந்த ஊர்த் தொடர்களைப் பார்க்கிறார்கள். ஊர் திரும்பும் வழி என்ற பொருளில் அதற்குச் சீனத்தில் பெயரே உண்டு.

இந்தியாவிலிருந்து அந்த வழியும் எளிதல்ல. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, இணைப்பு எண் ஆகியவற்றை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று கணினி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட் ஆகிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் கணினிகளை அகற்றிக் கொண்டன. வி.பி.என். பயன்படுத்துவது குற்றம் என்று அந்த உத்தரவு கூறவில்லை. ஆனால் அரசு ஊதியத்தில் படிப்பிக்கும் ஒரு பேராசிரியர், தடை செய்யப்பட்ட செயலியை மாணவர்களுக்குக் காட்ட வி.பி.என். போடத் துணிவாரா?

2020 ஜூன் இறுதியில் இந்திய நாளிதழ்களின் இணையதளங்களைச் சீனாவில் திறக்க முடியாமல் போயிற்று. வி.பி.என். மூலமும் இயலவில்லை என்று அப்போது பெய்ஜிங்கிலிருந்து செய்தி வந்தது. 2023 ஏப்ரலில் சீனாவின் மிகப் பெரிய ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பான சிஎன்கேஐ, வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சில பகுதிகளை மூடியது. தில்லி ஆய்வாளர்களுக்கு அது இரண்டாவது அடி.

மஜ்னு கா டில்லாவில்

யமுனைக் கரையில் உள்ள திபெத்திய அகதிகள் குடியிருப்பான மஜ்னு கா டில்லாவுக்கு இந்தத் தடை வேறு வகையில் வலித்தது. திபெத்தில் உள்ள உறவினர்களுடன் பேச அவர்களில் பலர் நம்பியிருந்தது வீசாட் செயலியை. சீன அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டது என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தினார்கள்; ஏனெனில் அங்கே வேறு செயலிகள் இயங்குவதில்லை. 2020 ஜூன் 29 உத்தரவோடு அந்த முகங்களும் குரல்களும் நின்றன. சீன அரசால் விரட்டப்பட்டவர்கள், சீனாவுக்கு எதிரான நடவடிக்கையில் பேச்சுத் துணையை இழந்தார்கள்.

கல்வானைக் காட்டியது எந்தத் திரை?

சீனத் தொலைக்காட்சியைப் பார்ப்பதால் நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குக் கல்வானே விடை. 2020 ஜூன் தொடக்கத்தில், ஹுபெய் மாகாணத்திலிருந்து பல ஆயிரம் வான்படை வீரர்கள் சில மணி நேரத்தில் வடமேற்கு மேட்டுநிலத்துக்கு நகர்த்தப்பட்டதை சிசிடிவி காட்டியது. மோதலுக்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பு அது. எச்சரிக்கையாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். எப்படியாயினும் அது பார்க்கப்பட வேண்டிய ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, வேளாண்மையும் ராணுவமும் கலந்திருந்த சிசிடிவி-7 முழுநேரப் பாதுகாப்பு அலைவரிசையாக மாற்றப்பட்டிருந்தது.

மோதலில் தங்கள் வீரர்கள் 4 பேர் இறந்ததைச் சீனா ஒப்புக் கொண்டது 8 மாதங்கள் கழித்து, 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி. அன்றே கல்வான் மோதலின் காணொலிக் காட்சிகளையும் சீன அரசு ஊடகங்கள் வெளியிட்டன. தங்களுக்குச் சாதகமாகத் தொகுக்கப்பட்டவை என்றாலும், சீனத் தரப்பிலிருந்து அந்த மோதலைப் பற்றி வந்த முதல் காட்சிகள் அவை.

ஓராண்டுக்குப் பின் அதே விவகாரம் மீண்டும் திரைக்கு வந்தது. கல்வானில் காயமடைந்த சீன ராணுவ அதிகாரி சி ஃபாபாவ், 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஜோதியை ஏந்தி ஓடினார். மறுநாள் தொடக்க, நிறைவு விழாக்களைப் புறக்கணிப்பதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அவ்விழாக்களைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பாது என்று பிரசார் பாரதியும் கூறியது. அரசியல் ரீதியில் அது நியாயமான எதிர்ப்பு. ஆனால் சீனா அந்த மேடையில் தன்னை எப்படிக் காட்டிக் கொண்டது என்பதை அறிய விரும்பியவர்கள் இணையத்தைத்தான் நாட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு 2023-இல் நேர்ந்தது. சின்ஹுவா, சிசிடிவி நிருபர்களுக்கு இந்தியா விசா நீட்டிக்க மறுத்தது; பதிலுக்குச் சீனா இந்திய நிருபர்களை வெளியேற்றியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் 4 இந்திய நிருபர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் பிரசார் பாரதியைச் சேர்ந்தவர். எஞ்சியிருந்த கடைசி நிருபரையும் ஜூன் மாதத்தில் வெளியேறச் சொன்னது பெய்ஜிங். 140 கோடி மக்கள் வாழும் இரு நாடுகள். 3,488 கிலோமீட்டர் எல்லை என்பது இந்தியாவின் கணக்கு. அந்நாட்டில் நமக்கெனக் கண்ணும் காதும் இல்லாமல் போன வேளையில், கணினித் திரையே எஞ்சிய சாளரமாயிற்று. அதிலும் பாதியை நாமே மூடியிருந்தோம்.

தமிழ் பேசும் பெய்ஜிங்

சீனா இவ்விஷயத்தில் வேறு விதமாக நடந்து கொண்டது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1963 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலையில் வந்த அந்தக் குரலுக்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட நேயர் மன்றங்கள் இருந்தன. பெய்ஜிங் ஒலிபரப்புக் கல்லூரியில் தமிழ் படித்த சீன இளைஞர்கள், கலைமகள், வாணி போன்ற தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக் கொண்டு செய்தி வாசித்தனர். 2018-இல் சிசிடிவி, மத்திய வானொலி, சர்வதேச வானொலி மூன்றும் சீன ஊடகக் குழுமமாக இணைக்கப்பட்டபோது தமிழ்ப் பிரிவும் அதற்குள் வந்தது. இணையத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் நகர்ந்தது.

அகில இந்திய வானொலியும் சீன மொழியிலும் திபெத்திய மொழியிலும் வெளிநாட்டு ஒலிபரப்பு நடத்தியதுண்டு. அயல்நாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுக்க தில்லி ஆயாநகரில் தனி நிலையமே இயங்கியது. எதிரி என்ன பேசுகிறான் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய அதிகாரிகளிடம் இருந்தது. பெய்ஜிங் வானொலியைக் கேட்ட தமிழ் நேயர்கள் யாரும் மாவோயிஸ்டாக மாறிவிடவில்லை. பெரும்பாலோர் அஞ்சலட்டை எழுதிப் பரிசாக வந்த நாள்காட்டியைச் சுவரில் மாட்டியதோடு சரி.

பிரசாரமே ஆபத்து என்று கருதிய பிரிட்டன் எடுத்த முடிவு வேறு. 2021 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்நாட்டு ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், சிஜிடிஎன்னின் உரிமத்தை ரத்து செய்தது. அலைவரிசையின் மீது உரிமதாரருக்குக் கட்டுப்பாடு இல்லை. இறுதிக் கட்டுப்பாடு சீனக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் இருக்கிறது என்ற காரணத்தை அது வெளிப்படையாகவே கூறியது. ஒரு வாரத்தில் பிபிசி வேர்ல்டு நியூஸுக்குச் சீனா தடை விதித்தது. இந்தியாவிலோ 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடவடிக்கைக்குப் பிறகு, "குளோபல் டைம்ஸ்", சின்ஹுவா ஆகியவற்றின் எக்ஸ் சமூக ஊடகக் கணக்குகள் முடக்கப்பட்டன. அவற்றில் குளோபல் டைம்ஸ் கணக்கு அன்றே மீண்டும் தெரிய வந்தது. ஏன் மூடப்பட்டது, ஏன் திறக்கப்பட்டது என்ற விளக்கம் வரவில்லை.

அவைக்கு வராத உத்தரவு

2020 நவம்பரில் இணையவழி நிகழ்ச்சிகளும் செய்திகளும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பொறுப்புக்குள் கொண்டு வரப்பட்டன. இணையத் திரையையும் சேர்த்து ஒரே சட்டத்தின் கீழ் கொண்டு வரும் நோக்கில், ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதா வரைவு 2023 நவம்பர் 10-ஆம் தேதி வெளியிடப்பட்டது. 2024-இல் சிலருக்கு மட்டும் சுற்றுக்கு விடப்பட்ட திருத்திய வரைவு எதிர்ப்புக்குள்ளாகி, ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. வெளிநாட்டுத் தொலைக்காட்சியை ஆய்வுக்கோ மொழிப் பயிற்சிக்கோ பார்ப்பவர்களுக்கு விலக்கு தரலாமா என்பது இந்த விவாதங்களில் முக்கியப் பேச்சாகவே எழவில்லை.

எல்லையில் பதற்றம் தணியத் தணிய மற்றக் கதவுகள் திறந்தன. 2025 ஜனவரியில் பெய்ஜிங் சென்ற வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியின் பேச்சுக்குப் பிறகு வெளியான அறிக்கையில், ஊடகத் துறையினர், ஆய்வு நிறுவனங்கள் இடையேயான தொடர்பை ஊக்குவிப்பது பற்றியும் கூறப்பட்டது. ஜூன் மாதம் கைலாஷ் மானசரோவர் யாத்திரை மீண்டும் தொடங்கியது. ஜூலை 24 முதல் சீனர்களுக்குச் சுற்றுலா விசா. அக்டோபர் 26-ஆம் தேதி கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம். இடையில் ஆகஸ்டில், டிக் டாக் இணையதளம் சிலருக்குத் திறந்ததாகப் பேச்சு எழுந்தபோது, தடையை நீக்க எந்த உத்தரவும் பிறப்பிக்கவில்லை என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. விமானம் ஏறிக் குவாங்சோ சென்று அங்குள்ள விடுதி அறையில் ஹுனான் தொலைக்காட்சியைப் பார்க்கலாம். முனீர்க்காவில் வாடகை அறையில் தங்கிச் சீனம் படிக்கும் மாணவர், அதன் செயலியை இறக்கிப் பார்க்க முடியாது.

69ஏ பிரிவின் கீழான 2009-ஆம் ஆண்டு விதிகளின் 14-ஆவது விதிப்படி, முடக்க உத்தரவுகள் சட்டப்படி உள்ளனவா என்பதை மறு ஆய்வுக் குழு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறையாவது கூடிப் பரிசீலிக்க வேண்டும். தேவையில்லாதவற்றை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. 59, 118, 43 செயலிகளின் பெயர்களைச் செய்திக் குறிப்பாக வெளியிட்ட அரசு, உத்தரவுகளின் முழு வாசகத்தை வெளியிடவில்லை. முடக்கம் தொடர்பான புகார்களும் நடவடிக்கைகளும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது அதே விதிகளின் 16-ஆவது விதி.